தம்புசாமிக்குப் பாடியது

மூன்றாவது வரி முடிவதற்குள் அவர் கையைத் தூக்கினார். ட்ரம் உடனே நின்றது. கிட்டார் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“என்ன அங்கிள், சவுண்டு ஓவரா?” மைக்கின் முன் நின்றவன் கேட்டான்.

“சவுண்டு இருக்கட்டும் தம்பி. பேரை எடுத்துடுங்க.”

“எந்தப் பேரை?”

“என் பேரைத்தான்.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடி அது. சுவர்களில் பழைய கம்பளங்களை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஏர்கோனிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் வாளி வைத்திருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். பெயர் தம்புசாமி. மூன்று வாலிபர்கள் அவருக்குப் பாடிக்காட்டிக்கொண்டிருந்தது, அவர் செத்ததற்காகப் பாடப்பட்ட பாட்டு.

கப்பல் கரை சேர்ந்திருச்சு தம்புசாமி – உன்
கால்செருப்பு வாசலிலே தம்புசாமி
சத்தம் போட்டுப் பேசாத தம்புசாமி – நீ
சாப்பிட்டுத்தான் போனியாடா தம்புசாமி

பாட்டை எழுதியவர் சபாபதி. துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். கிள்ளான் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பத்தாம் நாள் போய், வீட்டாரோடு உட்கார்ந்து, செத்தவர் எப்படி இருந்தார் என்று விசாரிப்பார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து இலை போடுவதற்கு முன்னால் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார். ஒப்பாரி இல்லை. அழுகிறவர்களுக்கு அவர் பாட்டில் இடம் கிடையாது. ஒவ்வொரு வரியும் செத்தவரின் பெயரில் முடியும். அது அவர் வழக்கம். பெயர் வராத பாட்டு யார் வீட்டுக்கும் போகாது என்பார். அவர் செத்தும் சில வருஷம் ஆகிறது. அவருக்கு யாரும் பாடவில்லை.

இந்த வாலிபர்களின் குழுவுக்கு ‘ஐந்தாம் மைல்’ என்று பெயர். சபாபதியின் மகளிடம் அனுமதி வாங்கி, வீடுவீடாகப் போய்ப் பழைய கேசட்டுகளைத் தேடி எடுத்து, அவருடைய ஒன்பது பாட்டுகளை கிட்டாரும் ட்ரம்முமாக ஆல்பம் போடுகிறார்கள். ஆல்பத்தின் பெயர் ‘பதினாறாம் நாள்’. ஒன்பதில் எட்டுப் பேர் செத்தவர்கள். ஒருவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“இந்த ஆல்பத்துலயே பெஸ்ட் பாட்டு இதுதான் அங்கிள்,” என்றான் மைக்கின் முன் நின்ற ஜெயந்திரன். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்தவன். யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பையன். பகலில் வக்கீல் ஆபீஸில் வேலை. “முதல் பாட்டே இதைத்தான் வைக்கிறதா இருக்கோம்.”

“வைங்க. வேணாங்கல. பேரு மட்டும் வேணாம்.”

“ஆன்டி ஓகே சொன்னாங்களே?”

“எந்த ஆன்டி?”

ட்ரம்முக்குப் பின்னாலிருந்து தனேஷ் எட்டிப் பார்த்தான். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் அவருடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன். “குமுதா ஆன்டிதான் அங்கிள். நான்தான் போய்க் கேட்டேன். தாராளமாப் பாடுங்கடான்னாங்க. டீயெல்லாம் குடுத்தாங்க.”

தம்புசாமி ஹெல்மெட்டின் வாரைக் கழற்றி மாட்டினார்.

“அங்கிள், உங்க கதை பண்டமாரான்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? புதுசா என்ன?” என்றான் தனேஷ்.

“பண்டமாரான்ல தெரியும். ஷா ஆலம்ல தெரியாது.”

“ஷா ஆலம்ல என்ன இருக்கு?”

“என் வேலை இருக்கு.”

அதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. ஷா ஆலத்தில் ஒரு குளியலறை ஓடுத் தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே அவர் சாகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் சாகவில்லை. உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் அவர் வெறும் தம்புசாமி.

“சரி, வேற பேரைப் போட்டுக்கலாம் ப்ரோ,” என்றான் தனேஷ். “முத்துசாமி.”

“முத்துசாமி யாரு தெரியுமா? எங்க மாமா. எங்கம்மா உன்னைக் கொன்னுடும்,” என்றான் கிட்டார் வைத்திருந்த குகன்.

“கந்தசாமி?”

“அவரு எங்க பின்வீடு. இப்பதான் ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்காரு.”

“ரெங்கசாமி?”

“ரெங்கசாமி ரெடி,” என்றார் தம்புசாமி. மூவரும் அவரைப் பார்த்தார்கள். “செத்து நாளாச்சு. ஆனா அவன் பொண்டாட்டி விடாது. ஏன் என் புருஷனுக்கு அடுத்தவன் பாட்டைப் போட்டீங்கன்னு மாடி ஏறி வரும்.”

குகன் சிரித்தான். ஜெயந்திரன் சிரிக்கவில்லை.

“யாரு பேரைப் போட்டாலும் யாராச்சும் இருக்காங்க லா,” என்றான். “எங்க வீடுகள்ல செத்தவங்களுக்கு புக்கு அடிப்பாங்க அங்கிள். கல்வெட்டுன்னு சொல்லுவாங்க. எங்க தாத்தாவுக்கு அடிச்சதுல, அள்ளி அள்ளிக் குடுத்த கைன்னு வெண்பாவே இருக்கு. எங்கப்பாவுக்கு ஒரு சைக்கிள்கூட வாங்கித் தரல. அதை யாரு கேட்டா? எல்லாரும் எடுத்து வச்சுக்கிட்டாங்க.”

“உங்க தாத்தா திரும்பி வந்தாரா?”

“இல்ல.”

“அதான்.”

ஆன்டியிடம் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றான் ஜெயந்திரன். அங்கிள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம், கட்டாயம் இல்லை. நல்ல பையன். கீழே வரை வந்து வழியனுப்பினான்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போகும் வழியெல்லாம் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தும் அசதி போகவில்லை.

பிறந்தது மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அது தொழிற்பேட்டையானபோது குடும்பம் பண்டமாரானுக்கு வந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார், பிறகு லோரியில் உதவியாளாகப் போனார், பிறகு லோரி ஓட்டினார். குமுதாவைக் கட்டினார். ஒரு மகள் பிறந்தாள். இப்போது ஜொகூரில் இருக்கிறாள். வாலிபத்தில் அவருக்கு வாய் நீளம். குடித்தால் தெருமுனை வரை கேட்கும். ஒருநாள் சோற்றுச் சட்டியைத் தூக்கி வாசலில் அடித்தார். அது கோயில் திருவிழா நேரம். தீமிதிக்குத் தொண்டு செய்யும் ஆண்கள் எல்லாருக்கும் கோயிலில் ஒரே மாதிரி மஞ்சள் டீ-சட்டை அடித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் அதே சட்டையோடு லோரி நிற்கும் இடத்துக்குப் போனார். ஒரு கூட்டாளி பகாங்கிலுள்ள குவாந்தானுக்கு மர லோரி எடுத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டையைக் கழற்றி அங்கே ஒரு ஆணியில் மாட்டினார். வேறு சட்டை போட்டுக்கொண்டு ஏறினார்.

சில நாள் கழித்து ஆற்றில் ஒரு உடல் மிதந்தது. முகம் தெரியவில்லை. மஞ்சள் சட்டை தெரிந்தது. கோயிலில் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார்கள். சட்டை வாங்கிய அத்தனை பேரும் இருந்தார்கள், தம்புசாமியைத் தவிர. பிணத்தை அடையாளம் காட்டப் போனவர் குமுதாவின் அண்ணன். வாசலிலிருந்தே தலையை ஆட்டிவிட்டு வந்தார். அந்தச் சட்டையை வேறு யாரும் போட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில் சட்டையை வேற்றாள் போடுவானா?

புதைத்தார்கள். தாலியை இறக்கினார்கள். பதினாறாம் நாள் சபாபதி பாடினார்.

தம்புசாமி பகாங்கில் ஒரு மரவாடியில் இருந்தார். கோபம் ஆறியபின் வெட்கம் வந்தது. வெட்கத்தில் இன்னும் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது, ஊருக்குப் பஸ் ஏறினார். கேட்டைத் திறந்துகொண்டு போனவர் முதலில் பார்த்தது சுவரில் தன் படத்தை. மாலை காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு இராஜம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்படியே கொடியோடு கீழே விழுந்தாள்.

கருமாதி முடிந்தவன் வாசல்படி ஏறக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். கோயிலில் குழந்தையைப் போலப் படுக்கவைத்துப் பால் ஊற்றினார்கள். மறுபடி பிறந்தவருக்கு மறுபடி பெயர் வைக்க வேண்டும். புதுப் பெயர் வைத்தால் ஐ.சி. அடையாள அட்டையில் மாற்றுவதற்கு அலையவேண்டியிருக்கும் என்று பழைய பெயரையே பூசாரி அவர் காதில் மூன்று முறை ஓதினார். அதன் பிறகு தம்புசாமி குமுதாவுக்கு இன்னொரு தரம் தாலி கட்டினார். கட்டும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆற்றில் மிதந்தவன் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டவன், அவ்வளவுதான்.

பாட்டை அவர் முதலில் கேட்டது இராஜம்மா வீட்டுக் கேசட்டில். வெளியே நின்று முழுவதும் கேட்டார். அதில் வரும் ஆள் சத்தம் போட மாட்டான். மழையில் நனைந்து வந்தாலும் வாசலில் நின்று காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். சனிக்கிழமைகளில் பூ வாங்கி வருவான். அந்த ஆளை அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் தரம் கேட்டபோது பிடிக்கவில்லை.

சபாபதியிடம் போய், பாட்டை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். சபாபதி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “உனக்கா பாடினேன்? நீதான் இல்லையே அப்போ,” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பாட்டு நன்றாக இருந்ததுதான் சிக்கல். வேறு ஊர்ச் சாவுகளிலும் அதைப் போட்டார்கள். கல்யாண வீடுகளில் குடித்தவர்கள் பாடினார்கள். தெருவில் இன்னும் சில தம்பு இருந்ததால் இவர் செத்த தம்பு ஆனார். சாப்பாட்டுக் கடையில், “பாஸ், டீ ஒன்னா, இல்ல பழைய ஆளுக்கும் சேர்த்தா?” என்பார்கள். வீட்டில் அவர் குரலை உயர்த்தினால் குமுதா அடுப்படியிலிருந்து மூன்றாவது வரியைப் பெயர் இல்லாமல் மெல்ல முணுமுணுப்பாள். சண்டை போட மாட்டாள். முணுமுணுப்பாள். வருஷங்கள் போகப் போக அவர் சத்தம் போடுவதை விட்டார். குடியையும் விட்டார். பாட்டு அவரைத் திருத்திவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விட்டது அவர்தான். பெயர் பாட்டுக்குப் போயிற்று.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குமுதா டி.வி. பார்த்தபடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“தனேஷுகிட்ட சரின்னு சொன்னியா?”

“எதுக்கு?”

“பாட்டுக்கு.”

“சொன்னேன்.”

“என்னைக் கேட்டியா?”

“அந்தப் பாட்டு போட்ட அன்னைக்கு யாரைக் கேட்டு போட்டாங்க?”

“நான் செத்திருந்தேன்.”

“ஆமா. அதனாலதான் கேட்கல.” அவள் ஒரு காம்பை ஒதுக்கி வைத்தாள். “இப்ப என்ன வந்துச்சு?”

“பேரை எடுக்கச் சொல்லிட்டேன்.”

குமுதாவின் கை நின்றது. டி.வி.யில் யாரோ சிரித்தார்கள்.

“எதுக்குங்க?”

“அது ஃபோன்ல போகும். யூடியூப்ல போகும். வேலை எடத்துல பார்ப்பாங்க. இவ்வளவு நாள் அங்க நிம்மதியா இருக்கேன். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறதில்ல. பொய்யி குமுதா அது. நான் எங்க பூ வாங்கினேன்? ஒருநாள் வாங்கினேனா?”

“இல்ல.”

“பின்ன ஏன் அப்படிச் சொன்ன?”

“சபாபதி அண்ணன் வந்து உட்கார்ந்து, எப்படிம்மா இருந்தான்னு கேட்டாரு. இராஜம்மா அக்கா, எங்க அண்ணன், அம்மா எல்லாம் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. குடிப்பாரு, சட்டியை உடைப்பாருன்னா சொல்லச் சொல்றீங்க? செத்தவரைப் பத்தி யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? வாயில வந்ததைச் சொன்னேன். எனக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சோ அதைச் சொன்னேன்.”

“அதான் சொல்றேன். பொய்யி.”

“பொய்யிதான்,” என்றாள் குமுதா. “அந்தப் பொய்யிலதான் இவ்வளவு நாள் குடித்தனம் ஓடுது. நீங்க ஓட்டலை. நானும் ஓட்டலை.”

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“ஆத்துல போனவன் ஒருத்தன் இருக்கான்,” என்றாள் அவள், கீரையைப் பார்த்தபடியே. “அவனுக்கும் யாராச்சும் பாடியிருக்கணும்ல. அந்தப் பாட்டுதான் அவனுக்கு ஆச்சு.”

“அவனுக்குன்னா என் பேரு எதுக்கு?”

அவள் கடைசிக் காம்பையும் உருவினாள். “எடுத்துட்டுப் போங்க,” என்றாள். “எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே போங்க.” கீரை உருவிய தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து பாட்டைப் பற்றி அவள் பேசவில்லை. முணுமுணுக்கவும் இல்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது. அவர் எதிர்பார்த்த நிம்மதி அதில் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். ஜெயந்திரனுக்கு ஃபோன் பண்ணி எடுக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து தனேஷ் வீட்டுக்கு வந்து ஃபோனைக் காட்டினான். வேறு பெயர் எதுவும் பொருந்தவில்லை என்றான். பெயரே இல்லாமல் பாடினால் வரி நொண்டுகிறது. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். கப்பல் கரை சேர்ந்திருச்சு என்று ஜெயந்திரன் பாடி நிறுத்துகிறான். பெயர் வரவேண்டிய இடத்தில் ட்ரம்மில் நாலு அடி. பிறகு அடுத்த வரி.

“என் ஐடியாதான் அங்கிள்,” என்றான் தனேஷ். “தம், பு, சா, மி. நாலு அடி. கரெக்டா நிக்குது.”

“யாருக்கும் தெரியாதுல்ல?”

“புதுசா கேட்கிறவங்களுக்கு என்ன தெரியும் அங்கிள்? ட்ரம் சோலோன்னு நினைப்பாங்க.”

தம்புசாமி இரண்டு தரம் கேட்டார். கிட்டார் அதிகம். வார்த்தை சரியாகப் பிடிபடவில்லை. பெயர் இல்லை. “சரி,” என்றார்.

குமுதா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆல்பம் வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. எட்டு வீடுகளுக்கும் அழைப்பு போயிருந்தது. ஒன்பதாவதாக அவர் வீட்டுக்கும். போக வேண்டாம் என்றுதான் இருந்தார். குமுதா காலையிலேயே பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். பண்டமாரானிலிருந்து மூன்று வேன் கிளம்பியது. வேனில் ஏறியபோது பின்சீட்டிலிருந்து ஒரு குரல், “செத்த வீட்டுக்காரங்களுக்கு முன்னாடி எடம் குடுங்கப்பா,” என்றது. அவர் முன்னால் உட்கார்ந்தார்.

மண்டபத்தில் இளைஞர்கள்தான் பாதிக்கு மேல். கறுப்புச் சட்டை போட்டவர்கள். மீதி செத்தவர்களின் குடும்பங்கள், திருநீறும் பட்டுமாக, நாற்காலிகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சபாபதியின் படம் இருந்தது. ஆர்மோனியம் ஒன்று சும்மா வைத்திருந்தது. ஜெயந்திரன் சுருக்கமாகப் பேசினான். இவர் பாடின வீட்டுக்காரங்க எல்லாரும் வந்திருக்கீங்க, நன்றி என்றான். பிறகு தனேஷ் குச்சியைத் தட்டினான். தரை அதிர்ந்தது. ஒரு கிழவர் எழுந்து காதிலிருந்து மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் பாட்டு இவருடையது.

கப்பல் கரை சேர்ந்திருச்சு என்று ஜெயந்திரன் பாடி நிறுத்தினான். நாலு அடி விழுந்தது. கால்செருப்பு வாசலிலே என்று பாடி நிறுத்தினான். நாலு அடி. தம்புசாமி நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். பரவாயில்லை என்று தோன்றியது. பாட்டு யாருடையதோ போல இருந்தது.

சத்தம் போட்டுப் பேசாத, என்றான் ஜெயந்திரன்.

“தம்புசாமி!”

பின்வரிசையில் பண்டமாரான் ஆட்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கத்தினார்கள். நாலு அடியில் பெயர் சரியாக உட்கார்ந்தது. மண்டபம் சிரித்தது. அடுத்த வரிக்கு இருபது பேர் கத்தினார்கள். இரண்டாம் சரணத்துக்குள் கறுப்புச் சட்டைக்காரர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது யார் என்று தெரியாது. காலியான இடம் இருந்தது, பெயர் கிடைத்தது, கத்தினார்கள். ஜெயந்திரன் ஒருமுறை இவர் பக்கம் பார்த்தான். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. பிறகு அவனாலும் தாங்க முடியவில்லை. வரி முடியும்போதெல்லாம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். சபாபதி ஆர்மோனியத்தில் பாடியபோது ஒரு குரல்தான் அந்தப் பெயரைச் சொன்னது. இப்போது மண்டபமே சொன்னது.

தம்புசாமி எழுந்து போய்விட நினைத்தார். எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பிக் குமுதாவைப் பார்த்தார்.

அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி, நாலு அடி விழும்போதெல்லாம் வாயைத் திறந்து அவர் பெயரைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை ‘இந்தாங்க’ என்றும் ‘ஏங்க’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி கவுண்டரில் பெயர் கேட்டால்கூட அவர் பக்கம் கையைக் காட்டுவாள். அவள் குரலில் தன் பெயரை அவர் கேட்டதே இல்லை. இரைச்சலில் இப்போதும் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

பதினாறாம் நாள் சபாபதியோடு சேர்ந்து அவளும் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அன்று அவர் பகாங்கில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. பக்கத்திலிருந்த யாரோ ஃபோனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். “இவர்தான் அந்தத் தம்புசாமி. உயிரோட இருக்காரு, பாருங்க!” என்றது ஒரு குரல். கறுப்புச் சட்டைகள் திரும்பிக் கைதட்டின. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டார்.

வேனில் திரும்பும்போது யாரோ வடை பொட்டலத்தை நீட்டினார்கள். குமுதா ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“நான் எடுக்கச் சொன்னேன்,” என்றார்.

“எடுத்துட்டாங்கதானே,” என்றாள் அவள். “பையன் ஒரு தரம்கூடச் சொல்லலையே.”

“நீ சொன்ன.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பாட்டுலதானே சொன்னேன்,” என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. தம்புசாமி வழக்கம்போல எழுந்து, குளித்து, மோட்டாரில் ஷா ஆலத்துக்குப் போனார். சாலையில் நெரிசல் இருந்தது. ஃபோர்க்லிஃப்டின் பேட்டரி சார்ஜ் ஏறியிருந்தது. முதல் கொள்கலனுக்கு ஓடுகளை ஏற்றி முடித்தபோது அனுப்பும் பிரிவிலிருந்து குணேஸ்வரி வந்தாள். ஃபோனை நீட்டி, “அங்கிள், இது நீங்களா?” என்று கேட்டாள். படம் தெளிவாக இருந்தது. அவர் கும்பிடுவது தெரிந்தது.

“ஆமா,” என்றார்.

“செத்துட்டீங்களா நீங்க?”

“ரொம்ப நாளாச்சு.”

சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேன்டீனில் மலாய்க்காரப் பையன்கள் இரண்டு பேர் மேசையை நாலு முறை தட்டிவிட்டு அவர் பெயரைச் சொன்னார்கள். வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமுதா கொடுத்துவிட்ட சோற்றில் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தது. அதைச் சாப்பிட்டார்.

பிற்பகல் மேருவுக்குப் போகும் லோரி தாமதமாக வந்தது. ஓடுகளை அடுக்கியிருந்த பலகைச் சட்டம் ஒன்று உடைந்திருந்ததால் ஓடுகளை வேறு சட்டத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. வேலை முடியும்போது மழை பிடித்தது. கொட்டகையில் மற்றவர்களோடு நின்றார். மழை விட்டதும் மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.